கோயிலைப் பார்த்தாச்சு, மதுரையில் அடுத்து எங்கே?

கேள்வி இதுதான்: டிசம்பர் கடைசியில் ஒரு குடும்பம் இரண்டு நாள் மதுரையில் தங்கப் போகிறது. வயதான அம்மாவும் கூட வருகிறார். மீனாட்சி அம்மன் கோயிலைப் போன தடவையே பார்த்துவிட்டார்கள். கோயிலைச் சுற்றியிருக்கும் பழைய ஊருக்குள், ஊர்க்காரர்கள் தாங்களே விரும்பிப் போகிற இடங்கள் எவை?

நான் தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பிறந்து வளர்ந்தவன். இந்தக் கேள்விக்கு இடங்களை வரிசையாக எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் மதுரையில் எங்கே போகிறோம் என்பதைவிட எந்த நேரத்தில் போகிறோம் என்பதுதான் முக்கியம். காலை ஆறு மணிக்கு உயிரோடு இருக்கும் தெரு பகல் பன்னிரண்டுக்குச் சும்மா கிடக்கும். பகலில் ஒன்றுமே இல்லாத முக்கு இரவு பத்து மணிக்கு ஆவி பறக்கும் இட்லிக் கொப்பரையோடு நிற்கும். அதனால் நேரத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஊரின் அமைப்பு. இது மனசில் பதிந்துவிட்டால் கைப்பேசியில் வரைபடம் பார்க்கவே வேண்டாம். சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த ஊர் இது. கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதிகள். மதிலுக்கு வெளியே சித்திரை வீதிகள், அதற்கு அடுத்து ஆவணி மூல வீதிகள், அப்புறம் மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள். ஒவ்வொரு சுற்றிலும் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று நான்கு. தமிழ் மாதப் பெயர்கள் எல்லாம் அந்தந்த மாதத் திருவிழாவால் வந்தவை. ஆவணி மூலத் திருவிழாவுக்கு சுவாமி இன்றும் ஆவணி மூல வீதிகளில்தான் வருகிறார். ஆனால் மாசி வீதியில் ஓடுவது சித்திரைத் தேர். மாசியில் நடந்த தேரோட்டத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், வீதியின் பெயர் மட்டும் பழையபடியே தங்கிவிட்டது என்று ஊரில் சொல்வார்கள்.

மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவில் இன்னொரு சுற்று இருக்கிறது. அதற்கு மாதப் பெயர் இல்லை. கீழ மாரட் வீதி, தெற்கு மாரட் வீதி, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, வடக்குப் பெருமாள் மேஸ்திரி வீதி என்று அழைக்கிறோம். நீங்கள் தங்கப் போகும் விடுதியே பெரும்பாலும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில்தான் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர், நெருக்கடியில் திணறிய ஊரை விரிக்கக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்தார். அந்த வேலையில் அவருக்குக் கீழே அளவைப் பணியைப் பார்த்தவர் மாரட், கட்டுமான வேலையை நடத்தியவர் பெருமாள் மேஸ்திரி. தூர்த்த இடத்தில் உருவான வீதிகளுக்கு அந்த இருவர் பெயரும் நிலைத்தது. பிளாக்பர்னுக்கு ஊர்க்காரர்கள் ஒரு விளக்குக் கம்பம் நாட்டினார்கள். அதுதான் கீழ மாசி வீதிப் பக்கம் இருக்கும் விளக்குத்தூண். மதுரையில் பிறந்தவர்களுக்கு அது தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் இடம். அதன் கதையைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

சரி, முதல் நாள் காலையை மேற்குப் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். ஆறு, ஆறரைக்கே இறங்கிவிடுங்கள். தெரு முனைத் தள்ளுவண்டிகளில் பருத்திப்பால் கிடைக்கும். பருத்திக் கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, அரிசி மாவும் வெல்லமும் அல்லது கருப்பட்டியும் சேர்த்துக் காய்ச்சி, சுக்குப் போட்டு, மேலே தேங்காய்ப்பூ தூவித் தருவார்கள். கெட்டியாக இருக்கும், ஒரு டம்ளரே பசி தாங்கும். மார்கழிக் குளிருக்கு இதைவிட இதமானது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் ஒத்துக்கொள்ளும். சிற்றுண்டிக்கு மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை. அங்கே வெள்ளையப்பம் போட்டிருந்தால் காரச் சட்னியோடு சாப்பிட்டுவிடுங்கள். இல்லையென்றால் காபி மட்டும் குடித்தாலும் போதும். சித்திரை வீதிகளில் வாகனம் கிடையாது, தரையும் கல் பாவியது. அம்மா அவசரமில்லாமல் நடக்கலாம், கோபுரத்தைப் பார்த்தபடி உட்காரலாம்.

அங்கிருந்து மேல மாசி வீதிக்கு வாருங்கள். மதுரையில் ஒரே ஒரு வீதியைத்தான் காட்ட முடியும் என்றால் நான் இந்த வீதியைத்தான் காட்டுவேன். சாதாரணக் கடை வீதிதான், கண்ணுக்கு அழகாக எதுவும் தெரியாது. ஆனால் 251 என்ற எண்ணுள்ள வீட்டின் மாடியில் 1921 செப்டம்பரில் காந்தி தங்கினார். சென்னையிலிருந்து வரும் வழியில், ரயில் பெட்டியில் சாதாரண மக்களிடம் கதர் உடுத்தச் சொல்லியிருக்கிறார். அதை வாங்க எங்களுக்கு வசதியில்லை என்று அவர்கள் சொன்ன பதில் அவரை விடவில்லை. செப்டம்பர் 22 காலையில் அந்த வீட்டை விட்டு இறங்கியபோது மேலாடையும் நீண்ட வேட்டியும் போய், முழங்கால் வரை ஒரு துண்டு மட்டுமே இருந்தது. உலகம் முழுக்கத் தெரிந்த அந்தத் தோற்றம் எங்கள் மேல மாசி வீதியில் தொடங்கியது. கீழே இப்போது கதர்க் கடை இருக்கிறது. மாடிக்கு ஏறிப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ஒரு துண்டாவது அங்கே வாங்கிக்கொண்டு வாருங்கள். அப்படி வாங்கிய துண்டு எங்கள் வீட்டில் எப்போதும் ஒன்று இருக்கும். அந்த உடையில் அவர் முதலில் பேசிய இடம் கிழக்கே காமராசர் சாலையில் காந்திப் பொட்டல் என்ற பெயரோடு இருக்கிறது.

அதே வீதிப் பக்கம் இம்மையிலும் நன்மை தருவார் கோயில். மீனாட்சி கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இங்கே வராது. மதுரை அரசனாகப் பட்டம் ஏற்கும் முன் சிவனே லிங்கத்தை வைத்துப் பூசை செய்த இடம் இது என்பது ஐதீகம். கருவறையில் சுவாமியும் அம்பாளும் லிங்கத்துக்குப் பூசை செய்யும் கோலத்தில் இருக்கிறார்கள். அதனால் லிங்கத்தின் பின்புறத்தைத்தான் நாம் பார்க்கிறோம். முன்புறம் அவர் பார்ப்பதற்கு. சிறு வயதில் ஒரு பெரியவர் இதைச் சொல்லிக் காட்டிய பிறகு நான் அந்தச் சந்நிதியில் வேறு மாதிரி நிற்கத் தொடங்கினேன்.

கொஞ்சம் தள்ளி மதனகோபால சுவாமி கோயில். இங்கே பார்க்க வேண்டியது இல்லாமல் போன ஒன்றை. இந்தக் கோயிலைச் சேர்ந்த கல் மண்டபத்தின் தூண்கள் சரிந்து கிடந்தபோது, 1912-இல் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற பெண் அவற்றை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். இன்று பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் அது ஒரு முழு மண்டபமாக நிற்கிறது. எங்கள் வீதியிலிருந்து போன கல்லில் செதுக்கிய ராமாயணப் பாத்திரங்களை அங்கே பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள். எனக்கு இதில் வருத்தமும் உண்டு, மகிழ்ச்சியும் உண்டு. உள்ளே போனால் மண்டபம் எங்கே நின்றிருக்கும் என்று யோசித்தபடி ஒரு சுற்று வாருங்கள்.

வெயில் ஏறுவதற்குள் கூடலழகர் கோயில். பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கம். பேருந்துச் சத்தத்திலிருந்து இரண்டு நிமிட நடைதான், உள்ளே போனதும் அமைதி. ஒரே விமானத்தில் மூன்று நிலைகள், பெருமாள் இருந்த, நின்ற, கிடந்த என்று மூன்று கோலம். பெரியாழ்வார் பல்லாண்டு பாடிய தலம் என்று வைணவர்கள் கொண்டாடுகிற இடம். கோயிலை விட்டு வந்து தெற்கே நடந்தால் காஜிமார் தெரு. அங்கே இருக்கும் பெரிய பள்ளிவாசல் பாண்டியர் காலத்திலேயே வந்தது என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். பெருமாள் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஒரே தெருவில் நின்று கேட்கலாம். எனக்கு ஊர் என்றால் இந்தச் சத்தம்தான்.

மதியம் படுத்து எழுந்திருங்கள். கோயில்கள் பன்னிரண்டரைக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். வெயிலில் அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம்.

சாயங்காலம் கிழக்குப் பக்கம். அம்மன் சந்நிதிக்கு எதிரே கிழக்கே நேராகப் போனால் தெருவின் குறுக்கே ஒரு பழைய கல் வாசல் வரும். இதுதான் விட்டவாசல். பாண்டியர் காலத்துக் கோட்டையை இடித்தபோது இதை மட்டும் விட்டுவைத்தார்கள். இன்று அதன் வழியாக இருசக்கர வாகனங்கள் போய்க்கொண்டிருக்கும். ஒரு ஓரமாக நின்று கல்லைத் தொட்டுப் பாருங்கள். ஊரின் மிகப் பழைய கல்லில் ஒன்றைத் தொடுகிறீர்கள்.

பக்கத்திலேயே புதுமண்டபம். பெயர்தான் புது, கட்டியது திருமலை நாயக்கர், பதினேழாம் நூற்றாண்டு. எங்கள் தலைமுறைக்கு இது பள்ளிக்கூடப் புத்தகமும் தையல் மிஷின் சத்தமும். தூணுக்குத் தூண் ஒரு கடை, யாளியின் காலடியில் பித்தளைக் குடம், நாயக்க மன்னரின் சிலைக்கு முன்னால் பாவாடைத் துணி. கடைகளை இப்போது குன்னத்தூர் சத்திரக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு இது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த இருட்டும் துணி வாசனையும் எனக்குக் கண்ணிலேயே நிற்கின்றன. அழகருக்கும் சாமியாடிகளுக்கும் உடை தைக்கிறவர்கள், வளையல், குங்குமம், பித்தளைச் சாமான் விற்கிறவர்கள் எல்லோரையும் சத்திரத்தில் தேடிப் போய்ப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக இதே தொழிலைச் செய்கிறவர்கள், நின்று கேட்டால் பேசுவார்கள்.

அங்கிருந்து திரும்பும்போது தெருப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடங்கள். எழுத்தாணிக்காரத் தெரு, வெண்கலக்கடைத் தெரு, சித்திரக்காரத் தெரு, மஞ்சணக்காரத் தெரு. ஓலையில் எழுதிய காலத்தில் எழுத்தாணி செய்தவர்களுக்கென்று ஒரு தெரு இருந்திருக்கிறது என்பதே எனக்கு இன்றும் பெருமை. கான்சாமேட்டுத் தெரு என்று ஒன்று உண்டு. அது கான் சாகிபு, அதாவது மருதநாயகம் என்று நாம் அறிந்த யூசுப் கான். மதுரையை ஆண்டு, ஆங்கிலேயரை எதிர்த்து நின்று, 1764-இல் தூக்கிலிடப்பட்டவர்.

விளக்குத்தூணில் ஜிகர்தண்டா. ஊறிய பாதாம் பிசின், சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், மேலே பாசந்தி ஐஸ்கிரீம். மார்கழியில் குளிருமே என்று தயங்க வேண்டாம், எங்கள் ஊரில் யாரும் தயங்குவதில்லை. கீழ மாரட் வீதியில் உள்ள பெயர் பெற்ற கடையில் எப்போதும் கூட்டம் இருக்கும், ஆனால் வரிசை சீக்கிரம் நகரும். குடித்துவிட்டுப் பக்கத்துச் சந்தில் பத்துத்தூணைப் பாருங்கள். துணிக்கடைகளுக்கு நடுவில், மேலே கூரையே இல்லாமல் பத்துப் பெரிய கல் தூண்கள் நிற்கும். நாயக்கர் அரண்மனையில் மிஞ்சிய பகுதி அது. இதைப் பார்த்துவிட்டுத் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனால்தான் அரண்மனை எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பது உடம்பில் உறைக்கும். 1636-இல் கட்டிய மகாலில் இன்று நிற்பது சுமார் கால் பங்குதான் என்று சொல்வார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் பல பகுதிகளைப் பிரித்துத் திருச்சிக்கு எடுத்துப் போனார். மிஞ்சியதை நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோது பழுது பார்த்தார். மகாலை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பார்க்க வேண்டும் என்பதால், முதல் நாள் முடியாவிட்டால் இரண்டாம் நாள் காலை வைத்துக்கொள்ளுங்கள். காலைச் சாய்வெயில் அந்தப் பெரிய தூண்களுக்கு நடுவே விழும்போது பார்ப்பதே நல்லது.

மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் சௌராஷ்டிர மக்கள் நிறைய இருக்கிறார்கள். பட்டு நெய்ய நாயக்கர்கள் ஆதரித்துக் குடியமர்த்திய சமூகம். சுங்குடிச் சேலை இவர்கள் கைவேலை. துணியை நகத்தளவு கிள்ளி நூலால் முடிந்து, சாயத்தில் முக்கி, காய்ந்ததும் முடிச்சை அவிழ்த்தால் புள்ளி புள்ளியாகப் பூக்கும். 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அச்சுப் போட்டதையும் சுங்குடி என்றே விற்பார்கள். கையால் முடிந்தது வேண்டும் என்று கேட்டு, புள்ளிகளைத் தடவிப் பாருங்கள். முடிச்சு இருந்த இடம் லேசாக மேடிட்டு இருக்கும், புள்ளிகளும் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அம்மாவுக்கு ஒரு சேலை எடுப்பதென்றால் இங்கே எடுங்கள். மாலையில் இந்தத் தெருக்களில் முள்ளுமுருங்கை வடை போடுவார்கள், இலையை அரிசியோடு அரைத்துத் தட்டிப் பொரிப்பது. மிளகாய்ப்பொடி தூவிச் சூடாகச் சாப்பிட வேண்டும். சளிக்கும் நல்லது.

கறி சாப்பிடுகிறவர்கள் என்றால் சிம்மக்கல் பக்கம் கோனார் கடையில் கறிதோசை. அடியில் தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி மசாலா. ஒன்று சொன்னாலே இரண்டு பேருக்குக் காணும். இனிப்புக்கு ரயில் நிலையத்துக்கு எதிரே மேல வெளி வீதியில் பிரேமா விலாஸ் அல்வா. சூடாகக் கொஞ்சம் அங்கேயே நின்று சாப்பிடுங்கள், கையோடு மிக்சரும் வாங்கிக்கொண்டால் திகட்டாது. ரயில் ஏறும் முன் வாங்க வசதியான இடம்.

இரவுக்கு வருவோம். கோயிலைப் பார்த்தாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாகப் பகலில் பார்த்திருப்பீர்கள். ஊர்க்காரர்கள் விரும்பிப் போவது இரவு பள்ளியறை பூசைக்கு. ஒன்பது மணி வாக்கில், நேரம் கொஞ்சம் முன்பின் ஆகும், சுவாமியின் பாதம் பல்லக்கில் புறப்பட்டு அம்மன் சந்நிதிக்கு வரும். நாதஸ்வரம், சாமரம், சாம்பிராணிப் புகை. பள்ளியறையில் பாலும் பழமும் படைத்து, ஊஞ்சலில் வைத்துப் பாடி, கதவு சாத்துவார்கள். கடைக்காரர்கள் கடையைக் கட்டிவிட்டு நேராக இதற்கு வருவார்கள். சில முகங்களை நான் நாற்பது வருடமாக அங்கே பார்க்கிறேன். டிசம்பர் கடைசியில் சபரிமலை போகும் பக்தர்களால் பகலெல்லாம் வரிசை நீளமாக இருக்கும். இரவில் அது குறைய வாய்ப்பு உண்டு. 2018 முதல் கைப்பேசி உள்ளே அனுமதி இல்லை, விடுதியிலேயே வைத்துவிட்டு வந்தால் நிம்மதி. முன்னதாகவே போனால் வடக்கு ஆடி வீதியில் உள்ள இசைத்தூண்களையும், சுதைச் சிற்பம் குறைவாக இருப்பதால் மொட்டைக் கோபுரம் என்று பெயர் வந்த வடக்குக் கோபுரத்தையும் பார்த்துவிடலாம்.

அந்தக் கோயிலுக்குள் நடக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 1939 ஜூலை 8 வரை இந்த ஊர் மக்களில் ஒரு பகுதியினருக்கு அந்த வாசல் மூடியே இருந்தது. அன்று காலை வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்டோரையும் நாடாரையும் உடன் அழைத்துக்கொண்டு உள்ளே போனார். என்னோடு படித்த பலரின் தாத்தாக்கள் அதற்கு முன் கோபுரத்தை மட்டும் பார்த்துக் கும்பிட்டவர்கள்.

வெளியே வந்தால் பூக்காரம்மாக்கள் இருப்பார்கள். டிசம்பரில் மல்லிகை வரத்துக் குறையும், விலை ஏறும். முகூர்த்த நாள் என்றால் இன்னும் ஏறும். அதனால் பேரம் பேசி மனசு நோக வேண்டாம், ஒரு முழம் போதும். இதழ் தடித்து, காம்பு நீண்டு, ராத்திரி முழுக்க வாடாமல் அறையையே மணக்க வைக்கும். பசித்தால் மாசி வீதிகளில் இரவுக் கடைகள் திறந்திருக்கும். இட்லிக்கு மூன்று நான்கு சட்னி வைப்பார்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் வரும் தேதியை நாள்காட்டியில் பாருங்கள். மார்கழித் தேய்பிறை அஷ்டமியன்று அஷ்டமி சப்பரம். டிசம்பர் நடுவிலிருந்து பொங்கலுக்குள் ஏதாவது ஒரு நாள் வரும். உலகத்து உயிர்களுக்கெல்லாம் இறைவன் படியளக்கும் நாள் என்பது நம்பிக்கை. சுவாமி ஒரு சப்பரத்திலும் அம்மன் ஒரு சப்பரத்திலும் வெளி வீதிகளைச் சுற்றி வருவார்கள். அம்மன் சப்பரத்தைப் பெண்களே இழுப்பார்கள். வழி நெடுக அரிசியைத் தூவிக்கொண்டே போவார்கள். உங்கள் இரண்டு நாளில் அது அமைந்தால் மற்ற எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, காலையிலேயே அம்மாவுக்கு வெளி வீதியில் ஒரு கடைப் படிக்கட்டில் இடம் பிடித்துக் கொடுங்கள். சப்பரம் கடந்ததும் தரையில் கிடக்கும் அரிசியை எல்லோரும் குனிந்து பொறுக்குவார்கள். நாலு மணியாவது பொறுக்கி முந்தானையில் முடிந்து, வீட்டு அரிசிப் பானையில் போட்டு வையுங்கள். எங்கள் வீட்டுப் பானையிலும் போன வருட அரிசி கிடக்கிறது.